இடது கைக்கு மட்டும்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போன் ரிப்பேர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே தம்பிக்காரன் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்திருப்பான். இடது கையால் மட்டும் உள்ளங்கை அகலப் பழைய கேம் கருவி ஒன்றைப் பிடித்து விளையாடிக்கொண்டிருப்பான். குனிந்து பார்த்தவர்கள் இவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். அவனுடைய அக்காவுக்கு மூன்று மாதமாக வலது கை வேலை செய்யவில்லை. அவளுக்கு ஒரு கேம் பொறுக்கியெடுக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா சலூன் வைத்திருந்தவள். வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசும், கை ஒரு பக்கம் முடியை வெட்டித் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் தோள்பட்டை நரம்பு போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஓட்டியவன் தம்பி. அவனுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அது ஒரே வாரத்தில் ஆறியது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மா, "எப்படிடா ஆச்சு?" என்று கேட்டபோது, "லாரிக்காரன் குறுக்க வந்துட்டான்" என்று வாயில் வந்துவிட்டது. அந்த ரோட்டில் லாரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடந்தது வேறு. வண்டி ஓடும்போதே சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்து யாரென்று பார்த்தான். முன்சக்கரம் சரளைக்கல்லில் ஏறிவிட்டது. கூப்பிட்டவர் ஒரு வாடிக்கையாளர், தன் போன் ரெடியா என்று கேட்க. பின்னால் இருந்த அக்கா தூசிக்குப் பயந்து கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அதனால் அவளும் லாரி என்றே நம்பினாள்.

அன்றிலிருந்து அவள் லாரிக்காரனைத் திட்டாத நாள் இல்லை. பல் விளக்கும்போது திட்டுவாள். இடது கையால் பட்டன் போட முடியாமல் திணறும்போது திட்டுவாள். "அவன் கை விளங்காமப் போக" என்பாள். பக்கத்து அறையில் தம்பி தன் கையைப் பார்த்துக்கொள்வான். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் எழுந்திருப்பான், தினமும் சொல்லாமலே படுப்பான்.

வீட்டுக்கு வந்து தோளை அசைக்கவைக்கும் பிசியோதெரபி அம்மாதான், "சும்மா உக்காந்து மூலையைப் பாக்க விடாதீங்க, இடது கைக்காவது ஏதாவது வேலை குடுங்க" என்றார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். உண்மையைச் சொல்வதற்குப் பதில் ஏதாவது செய்து தொலைக்கலாம் அல்லவா.

அந்தக் காலத்து ஜப்பான் கேம்கள் அவனுக்கு அத்துப்படி. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, பூதங்களோடு முறைவைத்துச் சண்டை போடும் கதைகள். அவற்றில் அவசரம் கிடையாது. நாம் யோசித்து முடிக்கும்வரை பூதம் மரியாதையாகக் காத்து நிற்கும். கருவியின் மேல் விளிம்பில் இடது மூலையில் ஒரு பட்டன் உண்டு. சில கேம்களில் அதையே 'சரி' என்பதற்கான பட்டனாக மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரல் திசைப் பட்டனால் ஆளை நடத்தும், ஆள்காட்டி விரல் சம்மதிக்கும். ஒரு கை போதும்.

ஆனால் எல்லாமே அப்படியில்லை. பேர்பெற்ற ஒன்றில் நாம் யோசிக்கும்போதே எதிரி அடித்துவிடுகிறான், கழித்தான். இன்னொன்றில் அடி விழும் நொடி பார்த்து வலது பட்டனைத் தட்ட வேண்டும், கழித்தான். ஒன்றில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. மற்றொன்று ஒரு கைக்கு அருமையாக ஒத்துவந்தது. ஆனால் முதல் அரைமணியிலேயே கூடப்பிறந்த தம்பி துரோகம் செய்தான். அதையும் கழித்தான், ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று வாரத்தில் மூன்று கேம் தேறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தான்.

"நான் என்ன பச்சப்புள்ளையாடா?" என்றாள் அக்கா. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். இடது மூலைப் பட்டனைக் காட்டிக்கொடுத்தான். பத்து நிமிஷத்தில் அவளாகவே நடத்தத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

"இங்க பாருடா, இந்த ராஜா எம் பொண்ணைக் காப்பாத்துவியான்னு கேக்குறான். முடியாதுன்னா விட மாட்டேங்குறான்! திரும்பத் திரும்ப அதையே கேக்குறான்."

"ஆமாக்கா. சரின்னு சொல்ற வரைக்கும் கேட்டுட்டேதான் இருப்பான்."

அவள் எட்டாவது தடவையும் முடியாது என்றாள், விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கடையில கைமேல உக்காந்து விளையாடிப் பாத்தியாமே. அம்மா சொன்னாங்க. உன்னை மாதிரி யாருடா பாத்துக்குவா?" கண் கலங்கியது. உடனே வழக்கம்போல, "எல்லாம் அந்த லாரிக்காரனால வந்தது. அவன் கை..."

"லாரி இல்லக்கா."

"என்ன?"

"லாரியே வரல. போன் வந்துச்சு. எடுத்துப் பாத்தேன். நான்தான் வண்டியைக் கல்லுல விட்டுட்டேன்."

கத்துவாள், கருவியை முகத்தில் எறிவாள், என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். அவள் கருவியை மடியில் வைத்தாள்.

"அப்ப அப்படி ஒரு ஆளே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஒருநாள் விடாம திட்டினேனேடா. அவனைத் திட்டினாத்தான் எனக்கு அந்த நாளே ஓடும்." மடியில் கிடந்த கருவியையே பார்த்தாள். "இனிமே நான் யாரைத் திட்டுவேன்?"

"என்னைத் திட்டுக்கா."

அவள் வாயைத் திறந்தாள். லாரிக்காரனுக்கு அத்தனை சரளமாக வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. மறுபடி முயன்றாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் திட்டு வாங்கக் காத்துக்கொண்டே நின்றான்.