இடது முன்சக்கரம்

வாசலில் அண்ணன், அப்பாவுடைய காரின் இடது முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அழுகைச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து, நின்று, மறுபடி வந்தது.

அவனைக் கூப்பிடத்தான் தங்கை வெளியே வந்தாள். அவளுக்கு முன்பே சித்தப்பா வந்திருந்தார்.

“உள்ள உங்கப்பன் கிடக்கான். உனக்கு இப்பதான் வேலை பார்க்கத் தோணுதா? நாலு பேரு காறித் துப்புவாங்கடா.”

அண்ணன் அடுத்த நட்டைக் கழற்றினான். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

“டாக்டர்தான் சொல்லிட்டாரேண்ணா, ஓட்டும்போதே அப்பாவுக்கு மாரடைப்புன்னு. வண்டி சும்மா ஓரத்து மண்ணுல போய் நின்னிருக்கு. ஒரு கீறல்கூட இல்ல.”

“இடது பக்கம்தானே போச்சு?”

அவள் அவனருகே வந்து நின்றாள்.

கார் இடது பக்கம் இழுக்கிறது என்று அப்பா புலம்பிக்கொண்டே இருந்தார். “எப்படித் திருப்பினாலும் உங்கம்மா வீட்டுப் பக்கமே போகுதுடா.” போன வாரம்தான் அண்ணன் தன் பட்டறையில் கேம்பர் போல்ட் மாட்டினான். கம்பெனி போல்ட்டைவிட மெலிந்தது. திருப்பினால் சக்கரத்தின் சாய்வு மாறும். சாய்வைச் சரிசெய்து, இறுக்கி, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தான். போல்ட் அசைந்தால் கோடு இரண்டாக விலகிவிடும்; காரும் மறுபடி இழுக்கும். கொஞ்சம் ஓட்டியபின் மறுபடி இறுக்க வேண்டும், கொண்டுவாருங்கள் என்றான். அப்பா கொண்டுவரவில்லை. அவனும் கேட்கவில்லை.

சக்கரம் கழன்று வந்தது. உள்ளே சேறு அப்பியிருந்தது. துணியை எடுத்தவன் அப்படியே நின்றான்.

“நீ தொடைச்சுப் பாரு. என்னால முடியல.”

அவள் துடைத்தாள். சேற்றுக்கு அடியில் கோடு ஒரே கோடாக இருந்தது. விரலால் தடவியும் பார்த்தாள்.

“அசையலண்ணா.”

அவன் குனிந்து பார்த்தான்.

“அப்போ... அவராவேதான் போயிட்டாரா?”

காலையிலிருந்து உட்காராதவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நேரமாச்சு, தூக்கணும், வாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்த சித்தப்பா, அவனைப் பார்த்ததும் நிறுத்தினார். தங்கை தனியாகச் சக்கரத்தை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டார். சேறும் சக்கரமுமாக நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினார்.

“நான் பிடிச்சுக்கறேன்,” என்றார். “நீ நட்டைப் போடும்மா.”