ஐந்து நிமிடம் முந்திய வீடு

எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். என் தகப்பனார் வைத்த முறை அது. நகரத்து மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அவர் வேலை. கூண்டுக் கடிகாரம் நொடி பிசகாது. வீட்டில் உள்ளவை மட்டும், கைக்கடிகாரம் உட்பட, ஐந்து நிமிடம் கூட. “ஊருக்கே மணி சொல்ற வீட்டு ஆளு, ஊருக்குப் பின்னாடி ஓடி வரக் கூடாது” என்பார். அந்த வீட்டில் பிள்ளை பிறப்பதே ஐந்து நிமிடம் முன்னால்தான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும். எங்களில் ஒருவரும் எங்கும் தாமதமாகப் போனதில்லை.

என் அண்ணன் வான்நோக்கு நிலையத்தில் இருந்தார். நான் அவருக்குப் பதிவாளன். அவர் தொலைநோக்கியில் கண்ணாடித் தட்டை ஏற்றிப் படம் பிடிப்பார். படம் தொடங்கிய மணியையும் முடிந்த மணியையும் நான் தாளில் எழுதிக் கையெழுத்திடுவேன். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன், ஒரு தட்டில் நட்சத்திரங்களுக்கு நடுவே நகக்கீறல் போல ஒரு கோடு விழுந்திருந்தது. பூமிக்குப் பக்கத்தில் வந்து போகும் சின்னக் கல். அறுபது மீட்டர்கூட இருக்காது. சூரியனைச் சுற்றிவர அதற்கு ஒரு வருடத்துக்குச் சற்று மேல். அண்ணன் அதற்கு ‘வாண்டு’ என்று செல்லப்பெயர் வைத்தார்.

மூன்று இரவு படம் பிடித்தோம். பிறகு வாரக்கணக்கில் மேகம். அந்த மூன்று தட்டுகளை வைத்து அண்ணன் அதன் பாதையைக் கணக்கிட்டார். மறுமுறை வர வேண்டிய இடத்தில் வாண்டு வரவில்லை. பதினோரு வருடம் தேடினார். “கணக்குல நான்தான் எங்கேயோ சறுக்கியிருக்கேன்” என்று முதலிலிருந்து போட்டுப் பார்ப்பார். தாளில் இருந்த மணியை அவர் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. “தம்பி எழுதின மணி” என்பார், அதற்கு மேல் பேச்சில்லை என்பதுபோல. தேடிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார்.

போன மாதம் இன்னொரு கண்டத்தில் ஒரு தானியங்கித் தொலைநோக்கி ஒரு சின்னக் கல்லைப் பிடித்தது. அண்ணன் மகளுக்குக் கற்களின் பாதையைக் கணக்கிடுவதுதான் உத்தியோகம். அந்தக் கல்லின் பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தவள், மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள்.

“சித்தப்பா, நம்ம வாண்டு! முதல் ரெண்டு ராத்திரியும் அச்சு அசலாப் பொருந்துது. மூணும் பொருந்திட்டா கண்டுபிடிச்சவர் அப்பாதான். பேர் வைக்கிற உரிமையும் நமக்குத்தான்.”

அண்ணி அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார். “அவர் பேரையா வைப்பாங்க?”

“ஆமாம்மா. ஆனா மூணாவது ராத்திரி முரண்டு பிடிக்குது. கல் நமக்குக் கிட்டத்துல, வேகமாப் போயிட்டிருந்த ராத்திரி. மணி அஞ்சு நிமிஷம் தள்ளி நிக்குது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. மூன்றாம் இரவு நிலையக் கடிகாரத்தை எண்ணெய் போடக் கழற்றி வைத்திருந்தார்கள். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். ஐந்து நிமிடத்தைக் கழிக்கவில்லை. ‘நிலையக் கடிகாரப்படி’ என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே, வழக்கம்போல் கையெழுத்திட்டேன்.

“சித்தப்பா, அன்னைக்கு மணி எதைப் பார்த்து...”

“நம்ம வீட்டு ஆளு எழுதின மணியை நீயே கேள்வி கேக்கறியா?”

“இல்ல சித்தப்பா. கண்டுபிடிச்சது யார்னு முடிவு பண்ற குழு எழுத்துல கேக்கறாங்க. பதிஞ்சவர் உயிரோட இருக்காரே, அவர் சொல்லட்டும்னு.”

“கொடு.”

‘நிலையக் கடிகாரம்தான்’ என்று எழுதி, நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

எட்டு நாள் தள்ளிப்போட்டேன். ஒன்பதாம் நாள் அவள் அலுவலகத்துக்கே போனேன். திரையில் வாண்டின் பாதை நீள்வட்டமாக ஓடியது. பழைய தட்டுகளின் மூன்று புள்ளிகளில் இரண்டு கோட்டின்மேல், ஒன்று வெளியே. கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. அந்த இடைவெளிதான் வருடத்துக்கு வருடம் விரிந்து அண்ணனை வெறும் வானத்தில் தேட வைத்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திரையில் அந்த மூன்றாவது புள்ளியை விரலால் தொட்டாள். “போன வாரமே சொல்லியிருக்கலாமே சித்தப்பா” என்றாள். பிறகு நான் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்து அனுப்பினாள்.

நாலு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். பதிவாளரின் இரண்டு வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. கைக்கடிகாரத்துக்கு எழுத்துச் சான்று இல்லை. கல்லின் பாதையை வைத்து மணியைத் திருத்தி, அதே மணியை வைத்துப் பாதையை நிரூபிக்க முடியாது. மூன்றாம் இரவு சேர்த்துக்கொள்ளப்படாது. இரண்டு இரவு போதாது. கண்டுபிடித்தது அந்தத் தானியங்கித் தொலைநோக்கிதான்.

“மேல யாரையாவது பார்க்கலாமா?” என்றேன். வாழ்நாளில் யாரிடமும் சிபாரிசுக்குப் போகாதவன் நான்.

“இதுக்கு மேல யாரும் இல்ல சித்தப்பா. அவங்க சொல்றதும் நியாயம்தான். அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.”

அண்ணியிடம் நானே சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணி மடியிலேயே இருந்தது.

“பதினோரு வருஷம் தேடினாரே தம்பி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பிறகு மகளைக் கேட்டார்: “இப்ப அது எங்க இருக்கு?”

“வந்துட்டிருக்கும்மா. செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டு பத்துக்கு நமக்கு ரொம்பக் கிட்டத்துல வரும். வெயில்ல ஒண்ணும் தெரியாது. மறுபடி இவ்வளவு கிட்ட வர இருபத்தாறு வருஷம் ஆகும்.”

செவ்வாய்க்கிழமை மதியம் முக்காலியைப் போட்டு ஏறினேன். அந்தச் சுவர்க் கடிகாரத்தையாவது சரியான மணிக்கு வைத்துவிட வேண்டும் என்றிருந்தது. முள்ளில் விரல் வைத்தபோது அண்ணி சொன்னார்: “தொடாதீங்க தம்பி. அவர் அதைப் பார்த்துதான் நிலையத்துக்குக் கிளம்புவார்.”

இறங்கி அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஜன்னலில் வெள்ளையாக வெயில். கடிகாரத்தில் இரண்டு பத்தானதும் அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

“போயிடுச்சா?”

“இல்ல அண்ணி. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.”

அந்த ஐந்து நிமிடமும் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.