முன்னால் நிற்கும் பூ

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். ஒரே வீடு, ஒரே சமையலறை, வாழ்த்து அட்டை செய்ய ஒரே மேசை. பேச்சு மட்டும் கிடையாது. கத்தரிக்கோல் வேண்டுமென்றால் பெரியவள் சுவரைப் பார்த்துக் கேட்பாள். சின்னவள் அவள் முகத்தைப் பார்க்காமல் கத்தரியை மேசைமேல் தள்ளிவிடுவாள்.

வேலையில் பாகப்பிரிவினை என்றைக்கோ முடிந்திருந்தது. தாள் வாங்கி வெட்டி மடிப்பது பெரியவள். ரப்பரில் பூவும் இலையும் செதுக்கி, மையில் ஒற்றி அட்டையில் பதிப்பது சின்னவள். பார்த்தவர்கள் எல்லாரும் பூவைத்தான் மெச்சினார்கள். மடிப்பை மெச்ச யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? சின்னவளின் எண்ணம் அதுதான்.

கடைத்தெருவில் காகிதக் கடை வைத்திருந்தவர், அட்டைகளைத் தன் கண்ணாடி அலமாரியில் வைக்கச் சம்மதித்தார். பின்பக்கம் செய்தவர் பெயர் இருக்க வேண்டும், ஒரே ஒரு பெயர் என்றார். அட்டைகளைக் கொண்டுபோன பெரியவள் வாய் கூசாமல் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். சின்னவளுக்கு வயிறு எரிந்தது. விரலெல்லாம் கத்திக்காயம் பட்டுச் செதுக்கிய பூ, அவள் பெயரிலா? புருஷனிடம் சொன்னாள். யார் பெயராக இருந்தால் என்ன, எல்லாம் ஒரே குடும்பம்தானே என்றான் அந்த உத்தமன். அன்று அவனுக்குச் சாப்பாடு பரிமாறிய சத்தம் அடுத்த அறைவரை கேட்டது.

கடைக்காரர் அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் முன்னால் ஓர் அட்டையைச் செய்து காட்டச் சொன்னார். பெரியவள் ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் பார்த்துப் பேசி, அச்சுகளைக் கேட்டாள். சின்னவள் பெட்டியோடு எடுத்துக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ பாதி மறைந்து தெரிய வேண்டுமென்றால், முன்னால் நிற்பதைத்தான் முதலில் பதிக்க வேண்டும். அதே வடிவத்தில் வெட்டிய தாளால் அதை மூடிவிட்டு, அந்த மூடியின்மேல் பாதி விழும்படி பின்பூவை ஒற்ற வேண்டும். மூடியை எடுத்தால், பின்னது அடக்கமாகப் பின்னால் நிற்கும். தெரியாதவர்கள் பின்னால் இருப்பதை முதலில் போட்டு, மேலே முன்னதைப் போடுவார்கள். மை எதையும் மறைக்காது. இரண்டு பூவின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். எதிரிலேயே உட்கார்ந்திருந்த பெரியவள் இதை என்றைக்கோ பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் சின்னவளின் கையைப் பார்ப்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல்.

சனிக்கிழமை சின்னவளும் வேடிக்கை பார்க்கப் போனாள். மூடித்தாள் அவள் கைப்பையில் இருந்தது.

பெரியவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்பூவை முதலில் ஒற்றினாள். அதன்மேல் முன்பூவை ஒற்றினாள். கூட்டத்தில் ஒருத்தி எட்டிப் பார்த்து, இது என்ன நண்டா என்று கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். இன்னொரு அட்டையும் அப்படியே போயிற்று. பெரியவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அச்சு சரியாகச் செதுக்கவில்லை என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

அந்த வார்த்தைக்குத்தான் சின்னவள் காத்திருந்தாள். முன்னால் வந்து மூடித்தாளை எடுத்தாள், ஒற்றினாள், மூடினாள், மறுபடி ஒற்றினாள். மூடியை நீக்கியதும் பூவுக்குப் பின்னால் பூ நின்றது. கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையில் போட வேண்டிய பெயர் அங்கேயே மாறியது.

வெளியே வந்ததும் பெரியவள் கேட்டாள். "அந்தத் தாளை பையிலேயே வச்சிருந்தியா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேக்கலையே, அக்கா."

அந்த அக்காவில் மரியாதை ஒரு சொட்டுகூட இல்லை.

திங்கட்கிழமை காலை அலமாரி நிறைய வேண்டும் என்று கடைக்காரர் கெட்டித்தாள்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். பெரியவள் சண்டை போடவில்லை. வெட்டுக்கத்தியையும் ஸ்கேலையும் மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். சின்னவள் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

தாள் வீணாகாதபடி கணக்காக வெட்டினாள். எல்லாவற்றிலும் பூக்களைப் பதித்தாள், பின்பக்கம் தன் பெயரையும் பதித்தாள். ஞாயிறு மாலை மடிக்க உட்கார்ந்தாள். முதல் அட்டை முதுகில் வெடித்தது. மேல்தோல் பிளந்து, வெள்ளை நார் வெளியே வந்தது. அடுத்ததும் வெடித்தது. வெடிக்காமல் தப்பியவை மூட மாட்டேன் என்று வாயைப் பிளந்தன. நகத்தால் தேய்த்தாள், கரண்டி முதுகால் அழுத்தினாள். ஒன்றும் படியவில்லை.

பெரியவள் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்ப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீண் பகட்டு என்று சின்னவள் உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் அது வளைந்து கொடுக்கும், மடிப்பும் அப்படித்தான் விழ வேண்டும் என்பது இப்போது புரிந்தது. மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும்படி எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. வேறு தாளும் இல்லை.

பயமாக இருந்தது. வெடித்த அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனாள். பெரியவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள், இந்த முறை மெதுவாக. "எல்லாம் வெடிக்குது. ஏதாவது பண்ண முடியுமா?"

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். பிளந்த முதுகை விரலால் தடவினாள். பிறகு பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தாள்.

"பேரு நல்லா விழுந்திருக்கு," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சக் காயை நறுக்க ஆரம்பித்தாள்.