பதினெட்டுக் கைகள்

ஆவடியில் ராணுவ வண்டிகளுக்குப் பச்சை அடிக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். நான் அடித்த பச்சையை மட்டும் தரையில் ஊற்றியிருந்தால் பருத்திப்பட்டு ஏரி நிரம்பி, மிச்சம் பூந்தமல்லி வரை ஓடியிருக்கும். ஓய்வு பெற்ற மறுநாளே அம்பத்தூரில் கோதண்டத்தின் ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டும் வேலை. எண்பத்தொன்பதாம் வருஷம் அது. கலர் பிலிம் ஊரெல்லாம் வந்துவிட்டது. செத்துப்போனவர்கள் மட்டும்தான் இன்னும் கறுப்பு வெள்ளையில் இருந்தார்கள்.

என் கைக்கு வந்தவர்களை நான் வெறுமனே திருப்பி அனுப்பியதில்லை. மாறுகண்ணை நேராக்குவேன். விழுந்த பல்லை முளைக்க வைப்பேன். வழுக்கையோடு செத்தவர்கள் சுருட்டை முடியோடு மாலைக்குள் சிரிப்பார்கள். ஒரு விதவை, “இது யாரு சார்?” என்று கேட்டுவிட்டு, பிடித்துப்போய் வாங்கிக்கொண்டு போனதும் உண்டு.

“அண்ணாத்தே, நீ தொட்டா எமனே ஏமாந்துடுவாம்பா” என்பான் கோதண்டம். அவன் எனக்கு விதித்திருந்த கட்டளை ஒன்றே ஒன்று. கொண்டுவந்து கொடுத்த படத்தில் கை வைக்காதே. காப்பி எடு, காப்பியில் வேலை செய்.

அந்தத் தை மாதம் காப்பி எடுக்கும் கேமரா ரிப்பேருக்குப் போயிருந்தது. கோதண்டம் கல்யாண ஆர்டர்களுக்காக அந்த வாரம் முழுக்கத் திருமழிசையில் இருந்தான். அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை சுசீலா வந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மூத்த மகள் பேபிக்குக் கல்யாணம் வைத்திருந்தாள்.

அவள் பையிலிருந்து எடுத்தது தடித்த அட்டையில் ஒட்டிய பெரிய படம். பட்டணத்து நூல் மில் ஒன்றில் அறுபது வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. கரையான் அங்கங்கே கடித்திருந்தது. மில்லின் பெயர் அதன் வயிற்றுக்குள் போயிருந்தது. நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாக உள்ள நூற்பு இயந்திரத்துக்கு முன்னால் ஒன்பது சிறுமிகள் நின்றிருந்தார்கள். எவளுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

“இதுல எங்க பெரிம்மா கீது சார். எங்கம்மாவோட அக்கா, பொன்னியம்மா. மில்லு வேலைக்குப் போய்க்கினு இருக்கசொல்லோ காய்ச்சல் வந்து, பதினோரு வயசுல பூட்ச்சி. எங்க ஊட்டு பூவாடக்காரி அவங்கதான்.”

அவர்கள் வீடுகளில், சின்ன வயதில் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் புதுப் பாவாடையும் பூவும் வைத்துப் படைக்காமல் பந்தக்கால் நட மாட்டார்கள்.

“வர்ற வெள்ளிக்கெயம படையல். வியாழக்கெயம நாலு மணிக்கு அம்மாவ இட்டுகினு வரேன். எந்தப் பொண்ணுன்னு அது காட்டும். நீங்க அவளுக்கு மட்டும் கலர் போட்டு சட்டம் மாட்டிக் குடுங்க. அதுக்குள்ள படத்த கொஞ்சம் கிளீன் பண்ணி வைங்க.”

கிளீன் பண்ணி வை என்று என்னிடம் சொல்வது, யானையிடம் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்வது போல. கேமரா வரும்வரை காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே மூலப்படத்திலேயே இறங்கிவிட்டேன். கரையான் கடித்த இடமெல்லாம் அடைத்தேன். தலைமுடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைப் புள்ளிகள். அத்தனையையும் கறுப்பாக்கி எண்ணெய் வைத்து வாரிய தலையாக மாற்றினேன். கிழிந்த சட்டைத் தோள்களைத் தைத்தேன். ஒற்றை மயிர்த் தூரிகையால் மூன்றே நாளில் மூவாயிரம் திருத்தம். வியாழக்கிழமை காலையில் பார்த்தால், மில்லுக்குப் போன பிள்ளைகள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு நிற்பது போல நின்றார்கள். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில் சுசீலா எட்டிப் பார்த்தாள்.

“நாலு மணிக்கு வந்துடுவோம் சார். அம்மாதான் ராத்திரியெல்லாம் பொலம்பிகினே கீது. அக்கா மூஞ்சியே ஞாபகமில்லையாம். அப்ப அதுக்கு ஆறு வயசாம்.”

“அப்ப எப்படிம்மா கண்டுபிடிக்கும்?”

“அதுக்கின்னா சார், ஈஸிதான். பெரிம்மாவுக்கு சோத்தாங்கையில ரெண்டு வெரல் கெடயாது. சுண்டு வெரலும் அதுக்குப் பக்கத்து வெரலும். மெஷின்ல பூட்ச்சாம். அத வெச்சி கண்டுபுடிச்சிக்கும்.”

அவள் போய்விட்டாள்.

பூதக்கண்ணாடியோடு படத்தின் மேல் குனிந்தேன். ஒன்பது சிறுமிகள், பதினெட்டுக் கைகள், தொண்ணூறு விரல்கள். ஒன்றுகூடக் குறையவில்லை! எங்கேயோ ஒரு கையில் கரையான் கடித்ததென்று நினைத்து விரல் வரைந்தது லேசாக நினைவு வந்தது. எவள் கையில்? மூவாயிரம் திருத்தத்தில் அது எத்தனையாவது? என் வேலையின் அழகே அதுதான். எது நான் வைத்தது, எது அவள் பிறந்தபோதே வந்தது என்று எனக்கே தெரியாது.

காப்பி இல்லை, நெகட்டிவ் இல்லை. உலகத்தில் பொன்னியம்மா இருந்தாள் என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தை நான் முழுமையாக்கி அழித்திருந்தேன்.

ஒரே வழிதான். நான் பூசியது பசையில் குழைத்த சாயம். ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றினால் கரையும். கொஞ்சம் அழுத்தினால் அடியில் இருக்கும் படமே தோல் போல உரிந்து வரும். அப்புறம் விரலும் இல்லை, கையும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இடது ஓரத்திலிருந்து தொடங்கினேன். முதல் சிறுமியின் வலது கை. ஒற்றினேன், பார்த்தேன், ஒற்றினேன். ஐந்து விரலும் அசல். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நான் வேர்த்த வேர்வையில் இன்னொரு ஏரி வெட்டியிருக்கலாம். இரண்டாவது சிறுமியும் அசல். மூன்றாவது சிறுமியின் சுண்டு விரல் பஞ்சில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து விரலும் வந்தது. அடியில் இரண்டு சின்ன மொட்டைகள்.

“அடி என் தாயி, கெடச்சியா!” என்று கத்தியே விட்டேன். மணி இரண்டு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை நிற்கவில்லை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று நான்காவது சிறுமியின் கையை ஒற்றினேன். அதே வலது கை. அதே இரண்டு விரல். பஞ்சோடு வந்துவிட்டன.

ஆறாவது சிறுமிக்கும் வந்தன. எட்டாவது சிறுமிக்கும் வந்தன.

நான்கு பேர். ஒரே மாதிரி இயந்திரம், ஒரே இடத்தில் கடித்திருக்கிறது. நான் கரையான் என்று நினைத்துக்கொண்டு நான்கு கைக்கும் விரல் வைத்திருக்கிறேன்.

மணி மூன்றரை. ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் தூரிகையையும் எடுத்துவிட்டேன். மூன்று கைகளுக்கு மறுபடி விரல் வைத்துவிடுவது. ஒரே ஒரு கையை மட்டும் விட்டுவிடுவது. கிழவி அவளைக் காட்டுவாள், அழுவாள், கும்பிடுவாள். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எந்தக் கையை விடுவது? தூரிகையை மூன்றாவது சிறுமியிடம் கொண்டுபோனேன். ஆறாவது சிறுமி பார்த்தாள். எட்டாவது சிறுமியிடம் கொண்டுபோனேன். நான்காவது சிறுமி பார்த்தாள். எவள் கையிலும் வைக்க முடியாமல் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

தடதடவென்று படியேறும் சத்தம் கேட்டது. சுசீலாவுடன் அவள் அம்மா கெங்கம்மாள். குச்சி உடம்பு, கண் ஆபரேஷன் ஆன தடித்த கண்ணாடி. வந்ததும் உட்காராமல் படத்துக்கு மேலே கவிழ்ந்துவிட்டாள்.

“இன்னா நைனா, எல்லாம் தலைக்கு எண்ண தடவிக்கினு நிக்குதுங்க? மில்லுக்குப் போன பொண்ணுங்க தலையில பஞ்சு இருக்குமே. எங்கக்கா ஊட்டுக்கு வர்றப்ப புருவத்துல கூட பஞ்சு இருக்கும். நான்தான் ஊதி உடுவேன்.”

பூஞ்சை என்று நான் கறுப்படித்தது பஞ்சு. நான் தலையை நிமிர்த்தவில்லை. பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் துளிகூடக் கூட்டாமல் நான் சொன்ன விஷயம் அநேகமாக அது ஒன்றுதான்.

“இன்னா சார் இப்டி பண்ட்ட!” என்று சுசீலா கத்தினாள். “விடிஞ்சா படையலு. நாலு பேர்ல யாருன்னு நாங்க எங்க போய் தேடுவோம்?”

கெங்கம்மாள் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. பூதக்கண்ணாடியைப் படத்தில் ஒரு சிறுமியின் கையிலிருந்து இன்னொருத்தியின் கைக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். மூன்று, நான்கு, ஆறு, எட்டு. மறுபடி மூன்று. அவள் உதடு மட்டும் அசைந்தது. தெருவில் ஆவடி பஸ் ஒன்று நின்று, கிளம்பிப் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

“தெரியல” என்றாள் கடைசியில். “ஒண்ணும் தெரியல நைனா.”

“ஏதாச்சும் ஒண்ண காட்டும்மா” என்று சுசீலா படத்தின் மேல் கை வைத்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “பெரிம்மா கோச்சிக்காது.”

“கைய எடுடி. ஏதாச்சும் ஒண்ணா? எங்கக்கா சோத்து மூட்டைய எவ எவ கூட பிரிச்சி துன்னாளோ. மூணு பேர வாசல்ல நிக்க உட்டுட்டு இவள மட்டும் கூப்ட்டா, இவ உள்ள வந்து குந்துவாளா?”

“அவங்கள்லாம் யாரு ஊட்டு பொண்ணுங்களோ! அவங்கவங்க ஊட்ல செய்ய மாட்டாங்களா? தெரியாதவங்கள உள்ள இட்டாந்து, அப்புறம் பேபிக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா?”

அந்தக் கேள்வி கெங்கம்மாளையும் குத்தியது என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“நைனா, இந்தக் கைங்கள இப்டியே உடு. வெரல் வெக்காத. நாலு பேருக்கும் பாவாடைக்குக் கலர் போடு. ஏய் சுசீலா, கடைய மூட்றதுக்குள்ள போயி நாலு பாவாட எடு.”

சுசீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையை எடுத்தாள். படி வரை போய்த் திரும்பினாள்.

“இன்னா கலரு எடுக்கறது?”

“எதுவோ ஒண்ணு. நாலும் ஒரே கலரா எடு. சின்னப் பொண்ணுங்கடி. வேற வேற எடுத்தினா அடிச்சிக்குவாளுங்க.”