புள்ளி வைத்த ஃபோல்டர்

வாசலூர்பட்டி மிளகு மண்டியில் விஜயாவுக்கு அன்று கடைசி நாள். வெளியூர் வியாபாரிகளை மெயில் எழுதியே பிடித்துக் கொடுத்தவள் அவள். முதலாளி தேவராஜ் அவள் நாற்காலியை மச்சினன் மகன் விமல்ராஜுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு வேலை பாக்கி. லினக்ஸ் கம்ப்யூட்டரை அழித்துப் புதிதாகப் போடுமுன் வேண்டிய ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துவைக்க வேண்டும். வியாபாரிகளின் மெயில்கள் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தன. அந்த ஃபோல்டரின் பெயர் புள்ளியில் தொடங்கும். அப்படிப்பட்டதை லினக்ஸ் வெளியே காட்டாது.

தேவராஜிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "மறைஞ்சிருக்கறதையும் எடுக்கட்டுங்களா?"

"மறைச்சு வெக்க இது என்ன கண்ணு, திருடன் ஊடா? கண்ணுக்குத் தெரியறத எடு, போதும். போற நேரத்துல எனக்குப் பாடம் நடத்தாத."

விமல்ராஜ் சிரித்தான்.

தேவராஜ் பொன்னாடையோடு நிற்கும் படங்களை விஜயா ஒன்றுவிடாமல் எடுத்தாள். பிறகு கம்ப்யூட்டரை அழித்தாள்.

"எல்லாம் வந்துருச்சா?"

"நீங்க சொன்னது அத்தனையும் வந்துருச்சுங்க."

பென் டிரைவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். நாளைக்கு மெயிலைத் தேடும்போது அவர் முகம் எப்படிப் போகும்? கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்த முகத்தை மறுபடி பார்த்துக்கொண்டாள்.