ரீசெட் அண்ணனுக்கு, பவர் தம்பிக்கு

வீட்டில் அவனைத் திருப்புளி என்றே அழைத்தார்கள். கையில் அகப்பட்ட எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். திரும்ப மூடும்போது இரண்டு திருகாணிகளாவது மிஞ்சும். அந்தப் பெயரைச் சூட்டியவன் அவனுடைய அண்ணன். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். தம்பி அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்த்தான். “பெரியவர் சரக்கை ஏத்துறாரு, சின்னவர் ஆளை ஏத்துறாரு. என்னைக் கொஞ்சம் ஏத்திவிடத்தான் இந்த வீட்ல ஆள் இல்ல” என்று அண்ணி சொல்லிச் சிரித்ததும் ஒரு காலம்.

இப்போது அண்ணி சிரிப்பதில்லை. கிரேன் கூண்டிலிருந்து இறங்கும் ஏணியிலேயே அண்ணனுக்குப் பக்கவாதம் கண்டது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. அவற்றைக் காட்டிலும் கொடுமை ஒன்று உண்டு. மனைவியையும் தம்பியையும் மருத்துவமனைச் சுவரையும் அவன் கண்கள் ஒரே விதமாகப் பார்த்தன.

ஆயினும் இடக்கைக் கட்டைவிரல் மட்டும் போர்வையின்மேல் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. அது நடுக்கம் என்று எல்லாரும் நினைத்திருக்க, பக்கத்தில் அமர்ந்து வெகுநேரம் பார்த்த திருப்புளிக்கு மாத்திரம் விளங்கிற்று. மேலே, மேலே, இடப்புறம், மறுபடியும் மேலே. சிறுவயதில் இருவரும் டிவியில் ஆடிய ஊர் கட்டும் வீடியோ விளையாட்டில் சாலை போடுகிற அசைவு அது.

மருத்துவமனையில் கைகாலுக்குப் பயிற்சி அளிக்கும் பெண்மணியிடம் இதைச் சொன்னபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்படின்னா வீட்டுக்கு வந்த அன்னிக்கே அதைக் கையில குடுங்க. அவருக்கு உள்ள ஏதோ ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. நாளைத் தள்ளினா அதுவும் நின்னுடும்.”

அண்ணன் இன்று மாலை வீடு திரும்புகிறான். அந்த விளையாட்டை உள்ளடக்கிய உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பெட்டி, கார்ட்ரிட்ஜ், தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்குள் பழைய ஊக்குகளோடு கிடந்தது. அண்ணன் பள்ளிநாளில் தொடங்கித் திருமணத்திற்குப் பிறகும் விட்டுவிட்டுக் கட்டிய ஊர் அதற்குள் இருந்தது. கடலுக்குள் போய் முடிகிற சாலை ஒன்று. மின்நிலையத்தின் சுவரோடு ஒட்டித் திருப்புளிக்கென்று ஒரு வீடு; “கரண்ட்டை நோண்டுறவன் அங்கேயே கிட” என்று அண்ணன் ஒதுக்கிய இடம். கல்யாணமான புதிதில் அண்ணிக்காக வெட்டிய சதுரக் குளமும் இருந்தது.

திருப்புளி கார்ட்ரிட்ஜைத் திறந்து, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். ஊரை நினைவில் வைத்திருக்கும் சில்லுக்கு, கார்ட்ரிட்ஜைச் செருகி ஆடும் விளையாட்டு இயந்திரம் அணைந்திருக்கும் நேரத்தில் உயிர் கொடுப்பது காசளவு பேட்டரி ஒன்றே. அது செத்துக்கொண்டிருந்தது. சில்லிலுள்ளதைப் படித்துக் கணினியில் ஏற்றும் கருவி ஒன்றை அவனே செய்து வைத்திருந்தான். போன மாதம் வேறெதற்கோ வேண்டுமென்று அதையும் பிரித்துப் போட்டிருந்தான்.

ஒரே வழிதான் எஞ்சியது. கார்ட்ரிட்ஜைத் திறந்தபடியே இயந்திரத்தில் செருகி, இயந்திரம் ஓடுகையில் அதன் மின்சாரத்தில் சில்லை உயிரோடு நிறுத்தி, பேட்டரியை மாற்ற வேண்டும்.

“ஓடுற வண்டியில டயர் மாத்தப் போறீங்க” என்றாள் அண்ணி.

“வண்டி நின்னா ஊரே போயிடும் அண்ணி. மூச்சு விடாம நில்லுங்க.”

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை நன்றாகக் காயவைத்து, அதன் வழியே சுவர் மின்சாரம் கசிந்து சில்லைக் கொன்றுவிடாதபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறுவதற்குள் தொட்டான். பழைய பேட்டரியின் ஒரு கால் விட்டது. மறுபடி காயவைத்து, மறுபடி பிடுங்கி, மறு காலையும் விடுவித்தான். புதிய பேட்டரியைப் பற்றவைக்கையில் ஈயத்துளி ஒன்று விரலில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டானே தவிரக் கையை உதறவில்லை.

தொலைக்காட்சித் திரையில் ஊர் முழுசாக நின்றது. அண்ணி அருகில் சென்று குளத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

விரலைத் தண்ணீரில் காட்டச் சமையலறைக்கு ஓடிய திருப்புளி அங்கிருந்தே குரல் கொடுத்தான். “அண்ணி, ஆஃப் பண்ணிடுங்க. ரீசெட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆஃப் பண்ணணும், மறந்துடாதீங்க!”

“தெரியும் தெரியும். ரீசெட் அண்ணனுக்கு, பவர் தம்பிக்கு. கல்யாணமான நாள்லேருந்து கேக்கிறேன் இந்தப் பாட்டை.”

சகோதரர்களின் பழைய சட்டம் அது. மின்சாரம் நிற்கும் அந்த நொடியில் இயந்திரம் உளறும். உளறியதைச் சில்லின்மேல் எழுதியும்விடும். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் அதன் வாய் அடைபட்டிருக்கும். அவசரக்காரத் தம்பியை நம்பாத அண்ணன், ரீசெட்டைத் தானே பிடித்துக்கொள்வான். அது பிடிபட்ட பின்னரே தம்பி பவரை அணைக்கலாம்.

கிளிக் என்ற ஒலி சமையலறை வரைக்கும் கேட்டது.

கார்ட்ரிட்ஜை மூடிச் செருகி, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமென்று இயந்திரத்தைப் போட்டார்கள். திரையில் வெறும் மண் தெரிந்தது. சாலையில்லை, குளமில்லை. புதிய ஊருக்குப் பெயர் வைக்கும்படி விளையாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆஃப் பண்ணேன்” என்றாள் அண்ணி. முகத்தில் இரத்தமே இல்லை. “சத்தியமா பிடிச்சேன் தம்பி. ஆனா திரை அப்படியேதான் இருந்துச்சு. நான் பலமா அழுத்தலையோ?”

ரீசெட்டை அழுத்தினால் திரை இருண்டிருக்க வேண்டும். இருளவில்லை என்றால்?

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. வேறு நாட்டுக் கார்ட்ரிட்ஜ்களை இந்த இயந்திரம் ஏற்காது. அவற்றையும் ஏற்கவைக்க, முன்பொருமுறை ஒரு சுவிட்ச் வைக்க வேண்டியிருந்தது. பழைய உறையில் துளைபோட மனம் வராமல், அண்ணன் ஆடுவதை விட்டபின் எவரும் தொடாத ரீசெட் பொத்தானின் வயரை வெட்டி, அந்தப் பொத்தானையே சுவிட்சாக மாற்றியிருந்தான். உறையில் ஒரு கீறல்கூட இல்லை என்று அன்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். அண்ணி எவ்வளவு பலமாக அழுத்தியிருந்தாலும் பயனில்லை. அவள் அழுத்தியது செத்த பொத்தான்.

 

“என் கையாலேயே அவரை அழிச்சிட்டேன்” என்று அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது. செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டு போனாள். அவள் போகும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

தனியே அகப்பட்டவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கார்ட்ரிட்ஜைக் கழற்றிச் செருகினான். முனைகளைத் துடைத்துச் செருகினான். அணைத்துப் போட்டான். ஒவ்வொரு முறையும் அதே வெறும் மண். கடைசியில், யாரும் செய்யத் துணியாத வேலையில் இறங்கினான். அண்ணனின் ஊரைத் தானே கட்டத் தொடங்கினான்.

சாலையைக் கடல்வரை இழுத்தான். அது எந்த மூலையில் வளைந்தது? மின்நிலையத்தை வைத்தான், விளையாட்டின் கஜானா அத்தோடு ஏறக்குறைய காலி. குளத்தை வெட்ட மிஞ்சியதைக் கொண்டு வெட்டினால், அது சதுரமாக வராமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் அமர்ந்து பார்த்த ஊர். ஒரு தெருவைக்கூட அவனால் ஒழுங்காகப் போட முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டான். வாசலில் சக்கர நாற்காலியின் ஒலி கேட்டபோது திரையில் நின்றது, ஊரென்று சொல்லத் தகாத ஒன்று.

மருத்துவமனை ஆட்கள் அண்ணனை மேசையருகே நிறுத்திவிட்டுச் சென்றார்கள். அண்ணி திரையைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள். செய்திருப்பது என்னவென்று புரிந்துகொண்டு ஒன்றும் கேளாமல் கன்ட்ரோலரை எடுத்துக் கணவனின் மடியில் வைத்தாள்.

“பாருங்க, உங்க ஊரு. குளம் தெரியுதா?”

கட்டைவிரல் அசையவில்லை. போர்வையின்மேல் ஓயாதிருந்த அந்த விரல், பொத்தானின்மேல் மரக்கட்டையாகக் கிடந்தது. அண்ணனின் கண்கள் திரைமேல் நின்றன. சுவரைப் பார்க்கும் அதே பார்வைதான்.

“கொஞ்சம் பாருங்களேன்” என்றாள் மறுபடியும்.  “போதும் தம்பி. அணைச்சிடுங்க. என்னால பார்க்க முடியல.”

திருப்புளி பவர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான்.

அவ்வளவில் அண்ணனின் இடக்கை எழுந்தது. கன்ட்ரோலர் மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அந்தக் கை தட்டுத்தடுமாறி மேசை விளிம்பைப் பற்றி, ஊர்ந்து ஊர்ந்து இயந்திரத்தை அடைந்து, ஆள்காட்டிவிரலால் ரீசெட்டை அழுத்திப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது. இன்னொரு கை வர வேண்டும் என்று காத்திருந்தது.

திரை இருளவில்லை.

அண்ணனின் புருவம் நெரிந்தது. விரலை எடுத்து மீண்டும் பலமாக அழுத்தினான். கோணல் குளம் அசையாமல் நின்றது. அவன் தலை மெதுவாகத் திரும்பியது. இரண்டு மாதமாக எவரையும் பார்க்காத அந்தக் கண்கள் நேராகத் தம்பியின்மேல் வந்து விழுந்தன. வீட்டில் எது பழுதானாலும், அறைக்குள் எத்தனை பேர் இருந்தாலும், ஒருவனை மட்டும் தேடிப் பிடிக்கிற பழைய முறைப்பு அது. ‘இப்ப எதைடா கழட்டித் தொலைச்சே?’

திருப்புளி தரையில் மண்டியிட்டான்.

“வயரை நான்தான் வெட்டினேன் அண்ணா. அந்தப் பொத்தான் இப்ப செத்த பொத்தான். உன் ஊரு போச்சு. நான்தான் கொன்னேன், அண்ணி இல்ல.”



“அப்போ நான் சரியாத்தான் அழுத்தினேனா?” என்று கேட்டாள் அண்ணி.

“சரியாத்தான் அழுத்தினீங்க அண்ணி.”

“இதை அப்பவே சொல்றதுக்கு வாய் வரலையா உங்களுக்கு?” என்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, வர இடமில்லை. அவள் பார்வை முழுவதும் கணவனின் புருவத்தில் இருந்தது. “இவர் உங்களைத் திட்டுறாரு தம்பி. பாருங்க, திட்டுறாரு.”

ஊர் திரும்பப் போவதில்லை. கடலுக்குள் போன சாலை எங்கே வளைந்தது என்பதைச் சொல்ல அண்ணனுக்கு வாயில்லை, தம்பிக்கு நினைவில்லை. விரல் பொத்தானைவிட்டு எழவில்லை. அண்ணன் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தான். பவர் தம்பியின் வேலை, தம்பி அதைச் செய்தாக வேண்டும்.

“அணைக்க மாட்டேன்” என்றான் திருப்புளி. “இருக்கிறதும் போயிடும். வயரை ஒட்டிட்டு அணைக்கிறேன். நீ விரலை எடுக்காதே.”

அவன் சால்டரிங் அயர்னின் பிளக்கைச் சுவரில் செருகிவிட்டு, அது காயட்டும் என்று அண்ணனின் காலடியிலேயே அமர்ந்தான்.