ஆலை வளைவில் பனி

ஊர்க் கார் ராலியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு வெற்றியாளர் பட்டியல் தயாரிக்கும் வேலை மரீஸிடம் வந்தது. ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு பெயர்கள்: கார் ஓட்டியவர், பக்கத்தில் அமர்ந்து வளைவுக் குறிப்புகளை வாசித்தவர். 1981இல் அவளுடைய அப்பா லூசியான், அம்மா சொலாஞ்ஜ்.

அந்த ஆண்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆலை வளைவில், காய்ந்த ரோட்டில், யாரோ பனியை வாரிக் கொட்டினார்கள் என்று. முன்னிலையில் இருந்த அல்பான் அங்கேதான் சறுக்கி ஓடைக்குள் விழுந்தார். இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். தோற்றவர்களின் பொறாமை என்று மரீஸ் அதை ஒதுக்கிவந்தாள்.

திங்களன்று அல்பான் தன் 1981ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை ஐம்பதாம் ஆண்டுக் கண்காட்சிக்கென்று ராலி சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமைதான் மரீஸ் அதை வீட்டிலிருந்த அப்பாவின் ஏட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

போட்டியன்று காலை ஒவ்வொரு அணியிலும் ஒருவர் முன்னதாக அதே பாதையில் போய், எங்கே பனி, எங்கே ஈரம் என்று ஏட்டில் பென்சிலால் திருத்தி நேரமும் போட்டுத் தருவார். அல்பானின் ஏட்டில் ஆலை வளைவு: 'காய்ந்த ரோடு, 9.40.' அப்பாவுடையதில்: 'பனி. மெதுவாக. 9.10.' எழுத்து ஃபெர்னான் மாமாவுடையது. அம்மாவின் தம்பி.

9.10க்கு இருந்த பனி 9.40க்கு இல்லை. பதினொரு மணிக்குப் போட்டியில் அல்பான் வந்தபோது மறுபடி இருந்தது. கொட்டுவதற்கு முன்பே மாமா அதை எழுதிவைத்திருந்தார்.

மரீஸ் தேடிப் போனபோது அல்பான் கஃபேயில் இருந்தார்.

"உங்களுக்கு இது எப்பலேருந்து தெரியும்?"

"எது?"

"விளையாடாதீங்க."

"எனக்கு என் ஏடு மட்டும்தான் தெரியும், பொண்ணே. இன்னொன்னு உங்க வீட்ல இருந்துச்சு. திங்கக்கிழமை குடுத்தேன், இன்னிக்கு வர்ற. உங்கப்பன் இதைவிட வேகமா ஓட்டுவான்."

அம்மா சமையலறையில் செஸ்ட்நட் கொட்டைகளைக் கத்தியால் உரித்துக்கொண்டிருந்தாள். மரீஸ் ஏட்டை அவள் முன் வைத்தாள்.

"மாமாதான் கொட்டினாரா?"

"கல்லறையில இருக்கான். போய்க் கேளு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

கத்தி நின்றது.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் வாசிச்சேன். 'வெயில் இப்படி அடிக்குது, பனியா?'ன்னார். 'வாசிக்கிறது என் வேலை, ஓட்டுறது உங்க வேலை'ன்னேன்."

"அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும். என் பேரை அழிச்சிடு. அவர் பேரு இருக்கட்டும்."

மரீஸ் அம்மாவைப் பார்த்தாள். சூப்பில் உப்பு கூடிப்போனதைக்கூட ஒப்புக்கொள்ளாதவள். இதை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டாள்.

"யாரைக் காப்பாத்தற?"

"தண்ணி கொதிக்குது பாரு," என்றாள் அம்மா.

பட்டியலில் மரீஸ் யார் பெயரையும் அழிக்கவில்லை. சனிக்கிழமை கண்காட்சியில் இரண்டு ஏடுகளையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில், ஆலை வளைவு தெரியும்படி திறந்து வைத்தாள். விளக்கச் சீட்டு எதுவும் ஒட்டவில்லை. வருபவர்கள் உள்ளூர்க்காரர்கள், பென்சில் குறிப்பு படிக்கத் தெரிந்தவர்கள்.

அம்மா வரவில்லை. முதலில் வந்தவர் அல்பான். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஃபெர்னானுக்குக் கையெழுத்து நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார்.

பிறகு காலை இழுத்துக்கொண்டு கார்ப் படங்கள் பக்கம் போனார்.